பிறை போட்ட வராகன்: புதுச்சேரித் தங்கக் காசை இனங்காணும் வழி

"பிரெஞ்சுக்காரன் காலத்துத் தங்கக் காசு" என்று சொல்லி யாராவது கைக்குட்டை முடிச்சை அவிழ்த்தால், உள்ளே இருப்பது புதுச்சேரியில் அடித்த காசாக இருக்க வாய்ப்பு மிகக் குறைவு. முதலில் இதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். இந்த ஊர் வீடுகளில் பழைய தங்கக் காசு என்று வெளியே வருபவை பெரும்பாலும் மூன்று வகை. ஒன்று ஆங்கிலேயரின் சவரன், நாம் பவுன் என்பது. 22 மில்லிமீட்டர் அகலம், 7.99 கிராம், 22 காரட். ஒரு பக்கம் அரசியோ அரசரோ, மறுபக்கம் குதிரைமேல் ஏறி அரக்கப் பாம்பைக் குத்தும் வீரன். இன்னொன்று பிரான்சின் இருபது பிராங்க் காசு. 21 மில்லிமீட்டர், 6.45 கிராம், பத்துக்கு ஒன்பது பங்கு தங்கம். ஒரு முகத்தில் மூன்றாம் நெப்போலியன் இருப்பார். 1899 முதல் 1914 வரை வந்தவற்றில் சேவல் இருக்கும். இது பிரெஞ்சுக் காசுதான், ஆனால் பிரான்சிலேயே அடித்தது. மூன்றாவது காசுமாலையிலிருந்து கழன்ற லட்சுமி காசு. மெல்லிசாக இருக்கும், மேலே வளையம் பற்றவைத்த தழும்பு தெரியும். அது நகை, நாணயமே அல்ல.

இந்த மூன்றும் இல்லை, சட்டைப் பொத்தான் அகலத்துக்கு ஒரு தடித்த காசு கையில் விழுகிறது என்றால் மட்டும் இந்த அத்தியாயத்தை மேலே படியுங்கள்.

அரசரும் இல்லை, பிரெஞ்சு எழுத்தும் இல்லை

புதுச்சேரியில் அடித்த தங்கக் காசு வராகன். பிரெஞ்சுக்காரர்கள் 'பகோத்' என்றார்கள், ஆங்கிலேயர்கள் 'பகோடா'. எடை சுமார் 3.4 கிராம். விஜயநகர அரசர்கள் நிலைநிறுத்திய எடை அது. பேரரசு சாய்ந்த பிறகும் சோழமண்டலக் கரைச் சந்தைகள் அந்த எடையை விடவில்லை. அகலம் 11 அல்லது 12 மில்லிமீட்டர்தான். அவ்வளவு சின்ன வட்டத்துக்குள் 3.4 கிராம் தங்கத்தை அடக்க வேண்டுமானால் காசு இரண்டு மில்லிமீட்டர் கனமாவது இருந்தாக வேண்டும். விரலால் தொட்டாலே அந்தத் தடிமன் தெரிந்துவிடும்.

முகப்பில் திருமால் நிற்கிறார். முழு உருவம் பதிவதில்லை. அச்சு காசைவிடப் பெரிது என்பதால் ஒரு காசில் தலை நன்றாக இருக்கும், கால் இருக்காது. இன்னொன்றில் மார்பும் கையும் மட்டும் தெரியும். கண், மூக்கு என்று தேடாதீர்கள். கோடுகளாலும் உருண்டைகளாலும் கட்டிய உருவம் அது. பின்பக்கம் முழுக்கப் புள்ளிகள், மணலை அள்ளித் தூவியதுபோல. அந்தப் புள்ளிகளின் நடுவே ஒரு சின்னப் பிறை. பிரெஞ்சுக் கும்பினியின், அதாவது வணிகக் கம்பெனியின், கையெழுத்து இந்தக் காசில் அது ஒன்றுதான். பதினான்காம் லூயியும் இல்லை, பதினைந்தாம் லூயியும் இல்லை, பிரெஞ்சு மொழியில் ஓர் எழுத்தும் இல்லை.

ஐரோப்பாவிலிருந்து வந்த ஒரு கிறிஸ்தவக் கம்பெனி ஏன் பெருமாளைப் பொறித்தது என்று கேட்பவர்கள் உண்டு. பக்தியும் இல்லை, பெருந்தன்மையும் இல்லை. கும்பினியின் சார்பில் பிரான்சுவா மார்த்தேன் 1674இல் இங்கே கடை விரித்தபோது அவருக்கு வேண்டியது துணி. நெசவாளருக்கு முன்பணம் கொடுக்கும் தரகர், சந்தையில் நெல் வாங்கும் வியாபாரி, நிலவரி செலுத்தும் குடியானவர் என யாரும் பழகாத காசைத் தொடமாட்டார்கள். பழகிய காசு எது? தெற்கே பரங்கிப்பேட்டையில் ஓடிய, திருமாலும் புள்ளிப் பரப்பும் கொண்ட வராகன். பிரெஞ்சுக்காரர்கள் அதே உருவத்தை எடுத்துக்கொண்டு புள்ளிகளுக்கு நடுவே ஓர் அடையாளத்தை மட்டும் நுழைத்தார்கள். நாகப்பட்டினத்தில் டச்சுக்காரர்கள் செய்ததும் இதுதான். சென்னையில் ஆங்கிலேயர்கள் செய்ததும் இதுதான், பிறைக்குப் பதில் அங்கே நட்சத்திரம். காசின் வடிவத்தைத் தீர்மானித்தது பாரிசும் அல்ல, லண்டனும் அல்ல. காசை நிறுத்து மாற்றிக் கொடுக்கும் இந்தக் கரையின் சராப்புகள்தான் தீர்மானித்தார்கள் என்பேன்.

ரூபாயோடு குழப்பிக்கொள்ளாதீர்கள்

புதுச்சேரி நாணயச்சாலை பற்றிப் பேசும் பலர் வெள்ளி ரூபாயின் கதையைத் தங்கத்தின் மேல் ஏற்றிவிடுகிறார்கள். இரண்டும் வேறு. ரூபாய் அடிக்கும் உரிமை முகலாயர் ஆட்சியின் சொத்து, அதை நவாப் கையால்தான் பெற வேண்டும். ஆளுநர் லெனுவார் காலத்திலேயே முயன்றார்கள். கைகூடியது துய்மா காலத்தில், 1736இல், ஆற்காட்டு நவாப் தோஸ்து அலி கானிடமிருந்து. புதுச்சேரி வணிகர் ஆனந்தரங்கப் பிள்ளை தம் நாட்குறிப்பை எழுதத் தொடங்கியதும் அதே ஆண்டு செப்டம்பரில்தான். முதல் பக்கங்களிலேயே இந்த ரூபாய் விவகாரம் வந்துவிடுகிறது. ஊருக்கு அது எவ்வளவு பெரிய செய்தி என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம். கப்பலில் வரும் ஸ்பானிய வெள்ளிப் பணத்தை உருக்கி இங்கேயே ரூபாயாக்கினால் கிடைக்கும் லாபம் அதுவரை பிறர் கைக்குப் போய்க்கொண்டிருந்தது. ஆங்கிலேயருக்கு இதே உரிமை கிடைக்க 1742 ஆனது.

அந்த ரூபாயில் இருப்பது பாரசீக எழுத்து, முகலாய அரசரின் பெயர், ஆற்காடு என்ற ஊர்ப் பெயர். புதுச்சேரி என்ற பெயரே கிடையாது! பிரெஞ்சு ரூபாய் என்று காட்டுவது அதிலும் பிறைதான். சென்னை ரூபாயில் அந்த இடத்தில் தாமரை. ஆக, "பிறை இருக்கிறது, அதனால் தங்க வராகன்" என்று முடிவு கட்ட முடியாது. வெள்ளி ரூபாய்க்குத் தங்க முலாம் பூசி விற்பவர்களும் இருக்கிறார்கள். ரூபாய் அகலமானது, பதினோரு கிராமுக்கு மேல் எடை. தராசில் வைத்தவுடன் வேடம் கலைந்துவிடும்.

கம்மட்டத்தில் காசு பிறந்த விதம்

போலியை ஒதுக்க, அசல் எப்படி உருவானது என்று தெரிந்திருக்க வேண்டும். அந்தக் காலத்து நாணயச்சாலைக்குக் கம்மட்டம் என்று பெயர். பதினெட்டாம் நூற்றாண்டில் இந்தக் கரையில் வராகன் அடித்தது இயந்திரமல்ல. உலை, சுத்தியல், பட்டறைக் கல், தராசு, உரைகல், இவ்வளவுதான்.

வந்த தங்கம் பல மாற்றில் இருக்கும். பழைய வராகன், உடைந்த நகை, கடல் கடந்து வந்த கட்டி எல்லாம் கலந்து வரும். முதல் வேலை உரைகல்லில் இழைத்து மாற்றுப் பார்ப்பது. மாற்றுத் தெரிந்த ஆணிகளை ஒரு கோவையாக வைத்துக்கொண்டு, தங்கம் விட்ட கோட்டுக்குப் பக்கத்தில் ஆணியையும் இழைத்து நிறத்தை ஒப்பிடுவார்கள். சொக்கத் தங்கம் பத்தரை மாற்று என்று கொண்டால், சென்னையின் நட்சத்திர வராகன் ஏறக்குறைய எட்டரை மாற்று. அதாவது ஐந்தில் நான்கு பங்கு தங்கம், மீதி வெள்ளியும் செம்பும். மாற்றுச் சரியான பிறகு உருக்கி, துண்டாக்கி, ஒவ்வொரு துண்டையும் நிறுப்பார்கள். கூடினால் சுரண்டுவது, குறைந்தால் ஒட்டுவது. பிறகு அந்தத் துண்டைத் திரும்பவும் சூடாக்கினால் தானாக உருண்டு மணியாகிவிடும்.

கீழ் அச்சு பட்டறையில் பதிந்திருக்கும். அதன்மேல் மணியை வைத்து, மேல் அச்சைக் கையால் பிடித்து, சுத்தியலால் ஓங்கி அடிப்பார்கள். மணி நசுங்கி இரண்டு பக்கமும் பதிவு ஏறும். இந்த ஒரு அடியிலிருந்து வருபவைதான் நீங்கள் தேட வேண்டிய அடையாளங்கள் எல்லாம். காசு முழு வட்டமாக இருக்காது. விளிம்பில் உலோகம் விரிந்து பிளந்த சிறு வெடிப்புகள் இருக்கும். பல காசுகள் லேசாகக் குழிந்து, ஒரு பக்கம் மேடாக, மறுபக்கம் பள்ளமாக இருக்கும். விளிம்பில் வரி கிடையாது. உருவம் நடுவில் விழாமல் ஒரு பக்கம் சாய்ந்திருக்கும். அச்சு பெரிது, காசு சின்னது என்பதால் பிறைகூடச் சில காசுகளில் பாதி வெளியே போயிருக்கும். அப்படிப்பட்ட காசைப் பரங்கிப்பேட்டை வராகனிலிருந்து பிரித்தறிவது அனுபவசாலிக்கும் சிரமம். விற்பவர் அடித்துச் சொன்னாலும் பிறை கண்ணுக்குத் தெரியாத காசுக்குப் புதுச்சேரி விலை கொடுக்காதீர்கள்.

விளிம்பு வரியில்லாத காசில் இன்னொரு வில்லங்கம், ஓரத்தைச் சுரண்டித் தங்கம் திருடுவது சுலபம். அதனால்தான் அந்தக் காலத்தில் காசை எண்ணி வாங்குவதோடு நிறுத்தும் வாங்கினார்கள். சராப்பு என்ற தொழிலே அதில்தான் பிழைத்தது. 3.4 கிராம் இருக்க வேண்டிய காசு 3.2 காட்டினால் போலி என்று உடனே தூக்கி எறியாதீர்கள். சுரண்டப்பட்டதாகவோ தேய்ந்ததாகவோ இருக்கலாம். 3.6 காட்டினால்தான் சந்தேகப்பட வேண்டும். காலம் தங்கத்தைக் குறைக்கும், கூட்டாது.

வராகனுக்குக் கீழே பணம் இருந்தது. தங்கப் பணம் அரை கிராமுக்கும் குறைவு, விரல் நகத்தில் நாலைந்து நிற்கும். கீழே விழுந்தால் தேடி எடுக்க முடியாது. திருவிதாங்கூரில் இதுபோன்ற பொடிக் காசுகளை எண்ணக் குழி போட்ட சக்கரப் பலகையையே பயன்படுத்தினார்கள். சென்னைக் கணக்கில் ஒரு நட்சத்திர வராகனுக்கு 42 பணம், ஒரு பணத்துக்கு 80 காசு, ஆக வராகனுக்கு 3,360 காசு. ரூபாயில் சொன்னால் மூன்றரை. பெருந்தொகையும் வராகனில்தான் பேசப்பட்டது. 1746இல் பிரெஞ்சுத் தளபதி லபூர்தொனே ஆங்கிலேயரிடமிருந்து சென்னையைப் பிடித்தபோது திருப்பித் தர அவர் கேட்ட தொகை பதினொரு லட்சம் வராகன். போர் நடத்திய இரண்டு தரப்பும் ஐரோப்பியர்கள், பேரம் மட்டும் நம் ஊர்க் காசில்.

வீட்டிலேயே செய்யக்கூடிய சோதனை

முதலில் செய்யக் கூடாதவை. காசைப் புளி போட்டுத் தேய்க்காதீர்கள். பற்பசை, பூந்திக்கொட்டை, எலுமிச்சை எதுவும் வேண்டாம். பள்ளங்களில் படிந்திருக்கும் கறுப்புதான் அதன் வயதுக்குச் சாட்சி, சேகரிப்பாளர் தேடுவதும் அதைத்தான். பளபளக்கத் தேய்த்த வராகன் தங்க விலைக்குத்தான் போகும். நகைக்கடைக்குக் கொண்டுபோனால், "ஆசாரி, கல்லில உரசிடாதீங்க, மிஷின்ல வெச்சுப் பாருங்க" என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். எக்ஸ் கதிர் கொண்டு மாற்றுப் பார்க்கும் இயந்திரம் இப்போது பெரிய நகைக்கடைகளிலும் ஹால்மார்க் மையங்களிலும் இருக்கிறது. காசில் கீறல் விழாது. ஆனால் அது மேல்தோலை மட்டும் படிக்கும். கனத்த முலாம் பூசியதை அது தங்கம் என்றே சொல்லிவிடும்.

ஆகவே தண்ணீர்ச் சோதனையையும் சேர்த்துச் செய்ய வேண்டும். மில்லிகிராம் காட்டும் தராசு தேவை. நூறில் ஒரு கிராம் காட்டும் சமையலறைத் தராசு போதாது, ஏன் என்று கணக்கைப் பார்த்தால் புரியும். ஒரு சின்னக் கோப்பையில் தண்ணீர் வைத்து, தராசின் மேல் நிறுத்தி, எண்ணைப் பூஜ்யமாக்குங்கள். காசை மெல்லிய நூலில் கட்டி, அடியைத் தொடாமல் முழுவதும் மூழ்கும்படி தொங்கவிடுங்கள். காற்றுக் குமிழி ஒட்டியிருந்தால் ஒருமுறை ஆட்டிவிட்டு மறுபடி இறக்குங்கள். அப்போது தராசு காட்டும் எண், காசு தள்ளிய தண்ணீரின் எடை. காசின் எடையை இதனால் வகுத்தால் அடர்த்தி கிடைக்கும்.

3.40 கிராம் காசு 0.215 காட்டினால் அடர்த்தி 15.8. ஐந்தில் நான்கு பங்கு தங்கம் உள்ள வராகனுக்கு அது பொருத்தமான எண். 0.191 காட்டினால் 17.8, அது 22 காரட். பிற்காலத்தில் நகைத் தங்கத்தில் செய்த பிரதியோ என்று யோசிக்க வேண்டிய இடம். 0.40 காட்டினால் அது பித்தளை, பேச்சே வேண்டாம். நூறில் ஒரு கிராம் தராசில் 0.21க்கும் 0.22க்கும் நடுவே எதுவும் தெரியாது, அந்த ஒரு படிக்கே விடை 16.2இலிருந்து 15.5க்குத் தாவிவிடும். ஒரே முறை பார்த்து நம்பாதீர்கள், திரும்பத் திரும்பச் செய்து நடுவில் நிற்கும் எண்ணை எடுங்கள்.

எண் பொருந்தினாலும் வேலை முடியவில்லை. இந்தக் கரை வராகன்களின் மாற்று காலத்துக்குக் காலம் இறங்கியது. நவாபு காலத்தில் பரங்கிப்பேட்டை வராகன் மிகவும் கெட்டுப்போனது. அதனால் அடர்த்தி சற்றுக் குறைவாக வந்தால் பதறத் தேவையில்லை. அதிகமாக வந்தால்தான் கேள்வி.

கடைசியாகப் பூதக்கண்ணாடி. பத்து மடங்கு பெரிதாகக் காட்டுவது போதும், நகை செய்பவர்கள் கண்ணில் வைப்பது. விளக்கை மேலே பிடிக்காமல் பக்கவாட்டில் தாழப் பிடித்துப் பின்பக்கத்துப் புள்ளிகளைப் பாருங்கள். அடித்த காசில் ஒவ்வொரு புள்ளியும் தனித்தனியாகச் செங்குத்தாக எழும்பி நிற்கும், இடையில் உள்ள பள்ளம் வழவழப்பாக இருக்கும். வார்த்த போலியில் புள்ளிகள் மழுங்கி ஒன்றோடொன்று இழையும், பள்ளத்தில் ஊசி குத்தியதுபோல் சிறு துளைகள் இருக்கும், விளிம்பைச் சுற்றி அச்சு சேர்ந்த கோடோ அதை அரத்தால் ராவிய தடமோ தெரியும். முகப்பில் திருமால் எவ்வளவு அழகாக இருக்கிறார் என்று பார்ப்பதில் பயனில்லை. போலி செய்பவர் அதைத்தான் கவனமாகச் செய்திருப்பார். பின்பக்கத்தில்தான் அகப்படுவார்.

சட்டம்

நூறு ஆண்டு கடந்த நாணயம் 1972ஆம் ஆண்டின் தொல்பொருள் மற்றும் கலைச் செல்வங்கள் சட்டப்படி தொல்பொருள். வீட்டில் வைத்திருப்பது குற்றமல்ல. ஆனால் நாட்டுக்கு வெளியே கொண்டுபோவது குற்றம். ஆறு மாதத்துக்குக் குறையாத சிறை, மூன்று ஆண்டு வரை போகலாம், அபராதமும் உண்டு. மற்ற ஊரைவிட நம் ஊரில் இதைச் சத்தமாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. பாதி ஊருக்குப் பாரிசில் சொந்தம் இருக்கிறது. விடுமுறைக்கு வந்த பேத்திக்குப் பாட்டி ஆசையாக ஒரு வராகனைக் கையில் வைத்து அனுப்புவது மிக இயல்பு. சென்னை விமான நிலையச் சுங்கத்தில் அந்த ஆசை செல்லாது. வெளிநாட்டுக்குத்தான் அனுப்பியாக வேண்டும் என்றால் இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் செய்த நகையாகக் கொடுங்கள். பிரதிக் காசு என்றால் அது தொல்பொருள் அல்ல என்று இந்தியத் தொல்லியல் துறையிடம் சான்று வாங்கிக்கொள்வது நல்லது.

விற்பதானால் தொல்பொருள் விற்க உரிமம் பெற்றவரிடமோ ஏல நிறுவனத்திடமோ போங்கள், ரசீது வாங்குங்கள். மண் தோண்டும்போது கிடைத்த காசு என்றால் அது உங்கள் காசு என்று எண்ணிக்கொள்ள வேண்டாம், வருவாய்த் துறைக்குத் தெரிவியுங்கள்.

எங்கே பார்ப்பது, எதிலிருந்து தொடங்குவது

1761 ஜனவரியில் ஊர் ஆங்கிலேயர் கையில் விழுந்தது, ஆனந்தரங்கப் பிள்ளை இறந்த நாலாம் நாள். அதன்பின் கோட்டையை இடித்துத் தரைமட்டமாக்கினார்கள். இன்றைக்குப் பாரதி பூங்காவும் அதைச் சுற்றிய பகுதியும்தான் அந்தக் கோட்டை இருந்த இடம். ஆகவே கம்மட்டத்தைத் தேடி அலைய வேண்டாம். ரூபாய் உரிமை வாங்கிய ஆளுநரின் பெயர் துய்மா வீதியில் நிற்கிறது, அதை எழுதிவைத்தவரின் மாளிகை ரங்கப்பிள்ளை வீதியில் நிற்கிறது. இரண்டையும் ஒரே காலையில் நடந்து பார்த்துவிடலாம். வராகன் குடும்பம் முழுவதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிட, சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தின் நாணயப் பிரிவுக்குப் போவதே மேல். சென்னையில் 1807ஐ ஒட்டி இயந்திரத்தில் அடித்த கோபுர வராகனையும் கேட்டுப் பாருங்கள். விளிம்பு, வட்டம், எழுத்து எல்லாம் கச்சிதம். கை அடித்த காசுக்கும் அதற்கும் உள்ள தூரம் அங்கே ஒரு பார்வையில் விளங்கும். சென்னை மாகாணத்தில் வராகன் கணக்கு 1818இல் ரூபாய்க்கு வழிவிட்டது.

சேகரிப்பைத் தங்கத்தில் தொடங்காதீர்கள். புதுச்சேரிச் செப்புக் காசு இருக்கிறது, நம் துட்டு. ஒரு பக்கம் பிரெஞ்சு அரச குடும்பத்தின் லில்லிப் பூ, மறுபக்கம் தமிழில் 'புதுச்சேரி' என்று வரி பிரித்து எழுதியிருக்கும். தங்க வராகனில் ஊர் பெயர் இல்லை, வெள்ளி ரூபாயில் வேறு ஊர் பெயர், ஏழையின் செப்புக் காசில்தான் இந்த ஊரின் பெயர் இந்த ஊரின் எழுத்தில் இருக்கிறது. விலை கைக்கு அடங்கும், போலி செய்ய யாரும் மெனக்கெடுவதில்லை. பத்துத் துட்டுகளைப் பூதக்கண்ணாடியில் பார்த்துக் கை பழகிய பிறகு வராகன் பக்கம் திரும்புங்கள். அப்போதும் பிறை தெளிவாகத் தெரியும் காசையே வாங்குங்கள்.